கிதாரின் மெல்லிய குரல்

ஆண்டு விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் தயாராகும்போது, புல்லாங்குழலும் கிதாரும் சேர்ந்து வாசிக்கும் மேனாட்டு இசை மட்டும் கடைசி நேரத்தில் விடுபட்டுப் போகிறது. “பின்வரிசைக்குக் கேட்காது” என்பார்கள். கேட்காது என்பது உண்மையே. ஆனால் குறை இசையிலா, மண்டபத்திலா என்று பெரியோரிடம் பணிவுடன் கேட்க விரும்புகிறோம்.

இவ்வகை இசையை அறை இசை என்பர். வீட்டுக் கூடத்தில் அமர்ந்து கேட்கும் சிலருக்காகவே அது பிறந்தது. இத்தாலியில் 1781இல் பிறந்த மௌரோ ஜூலியானி, 1806இல் வியன்னா சென்று கிதார் வித்தகராகப் புகழ் பெற்றார். புல்லாங்குழலும் கிதாரும் வாசிப்பதற்கென அவர் இயற்றிய இருவர் இசை, அவருடைய 85ஆம் படைப்பாக 1817இல் வெளிவந்தது. குழல் பாடும், கிதார் பின்னால் நின்று தாளம் போடும் என்று எண்ணிக் கேட்பவர் ஏமாந்து போவார். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்! குழல் சொன்னதைக் கிதார் வாங்கித் தன் பாணியில் திருப்பிச் சொல்கிறது. சில இடங்களில் குழலே துணையாகி ஒதுங்கி நிற்கிறது. குழலின் நாதம் மூச்சுள்ளவரை நீளும். கிதாரின் நாதமோ மீட்டிய கணமே தேயத் தொடங்கும். ஆயினும் குழலால் ஒரு நேரத்தில் ஒரு சுரமே ஒலிக்க முடியும்; கிதாரோ பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

அன்றைய குழல் மரத்தாலானது, மென்குரல் உடையது. குடல் நரம்பு கட்டிய சிறிய கிதாரோடு அது இணக்கமாக ஒலித்தது. 1847இல் தியோபால்ட் பேம் என்னும் ஜெர்மானியர் உலோகத்தில் புதிய குழலைச் செய்தார், ஒலி பெருகியது. ஸ்பெயினில் அந்தோனியோ தெ தோரெஸ் கிதாரின் உடலைப் பெரிதாக்கினார். ஆனாலும் குழலின் மேல் சுரங்களைக் கிதாரால் எட்டிப்பிடிக்க இயலவில்லை. ஜப்பானியரான தோரு தகேமித்சு 1981இல் கடலைப் பற்றி ஓர் இசை எழுதியபோது, கிதாருடன் சேரத் தாழ்ந்த குரலுடைய ஆல்ட்டோ குழலையே தேர்ந்தார். எங்கள் எண்ணத்தில் அது மிகவும் சாமர்த்தியமான தேர்வு.

“கிதாருக்கு ஒரு மைக் வைத்தால் போயிற்று” என்பவரும் உண்டு. ஒரு பெரிய மண்டபத்தில் அப்படியும் கேட்டோம். நரம்பில் விரல் உராயும் ஓசை தகரத்தைக் கீறுவதுபோல் வந்தது. குழல் மேடையில் ஒலிக்க, கிதார் கூரையிலிருந்து ஒலித்தது. இருவர் பேசிக்கொள்வதாகவே தோன்றவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை பிற்பகல், நமது இசை அறையில் அதே இசையை இரண்டு அக்காமார் வாசித்தனர். முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்கள். வியர்த்துக் கொட்டியது, ஆனால் எங்களில் ஒருத்தியும் அசையவில்லை. கிதார் முன்னுக்கு வரும் இடங்களில், குழல் வாசித்த அக்கா கிதார்மேல் கண் வைத்துத் தம் மூச்சை அடக்கிக்கொண்டார். மண்டபத்தில் எங்கள் காதுக்கு எட்டாத கீழ்ச்சுரங்கள்கூட அன்று தெளிவாகக் கேட்டன.

எனவே அடுத்த ஆண்டு இந்நிகழ்ச்சியை நீக்க வேண்டாம். மேடையிலும் ஏற்ற வேண்டாம். விழாவுக்கு முந்தின மாலை, இசை அறையில் நாற்பது நாற்காலிகள் போடுவோம். இடம் போதாவிட்டால் இரண்டு முறை வாசிக்க அக்காமார் இசைந்திருக்கிறார்கள். மைக் தேவையில்லை. மின்விசிறியை நிறுத்த மட்டும் அனுமதி வேண்டும்.