ராணியின் முட்டியும் என் முட்டியும்



சென்ற மாதம் ஒரு வாரம் நான் எதுவும் எழுதவில்லை. "சார், உடம்புக்கு என்ன?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு குதிரையை மலையிலிருந்து கீழே இறக்கக் கொடைக்கானல் போயிருந்தேன்.

அங்கே ஏரிக்கரையில் சவாரிக் குதிரை வைத்திருப்பவன் என் பழைய மாணவன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பத்தாம் வகுப்பில் கணக்கில் தட்டுத் தடுமாறித் தேறியவன், இன்று மூன்று குதிரைகளுக்குத் தீனிக் கணக்கை மனத்திலேயே போடுகிறான். அவனுடைய ராணிக்கு வயது இருபதை நெருங்குகிறது. முன்னங்கால் முட்டி இரண்டிலும் மூட்டுவாதம். காலையில் முதல் பத்துப் பதினைந்து அடி நொண்டுவாள், நடக்க நடக்கக் கொஞ்சம் சரியாகும். சாரலும் குளிரும் சேர்ந்த நாளில் அதுவும் கிடையாது.

ஒரு நாள் ராத்திரி போன் செய்தான். "சார், ஒரு புரோக்கர் ராணியக் கேக்குறான். கல்யாண ஊர்வலத்துக்காம். குடுத்துரவா? இல்ல, வத்தலக்குண்டு பக்கம் மாமனார் தோட்டத்துல விட்டுரவா? ஆனா இந்தக் கால வச்சுக்கிட்டு மலை இறங்குவாளா சார்?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கும் இரண்டு முழங்காலும் தேய்மானம் என்பது அவனுக்குத் தெரியும். "புரோக்கரிடம் கொடுக்காதேடா" என்று சொன்னேன். ஊர்வலத்துக்குப் போகும் நொண்டிக் குதிரை தார் ரோட்டில், மேளச் சத்தத்தில், மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு நிற்க வேண்டும். வயதாலோ நோயாலோ வேலைக்குத் தகுதியில்லாத பிராணியை வேலை வாங்குவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள். பாவம் நம் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று விற்பதற்குப் பெயர் விற்பனை இல்லை, கைகழுவுவது.

கால்நடை டாக்டரிடம் காட்டினோம். மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் போனால் தாங்குவாள் என்று பார்த்துச் சான்று எழுதிக் கொடுத்தார். 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி குதிரையை வண்டியில் ஏற்ற அப்படி ஒரு சான்று வேண்டும். வண்டி மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் போகவும் கூடாது. நம் மலைப்பாதையில் லாரிகள் போகிற வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ராணியின் பின்னால் உட்கார்ந்து வந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வண்டியில் நிற்பது குதிரைக்கு ஓய்வு என்று நான் நினைத்திருந்தேன். அது முழுநேர வேலை. ஒவ்வொரு வளைவிலும் நான்கு காலையும் அகட்டி ஊன்றிச் சமாளிக்க வேண்டும். நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் முன்னங்காலில்தான் இறங்குகிறது. முன்பக்கம் பார்த்து நின்றால், இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மீதியும் அங்கேதான் வந்து விழும். ராணிக்கு வலியே அங்கேதான். அதனால் பின்பக்கம் பார்த்து நிற்க வைக்கச் சொன்னார் டாக்டர். தரையில் ரப்பர் விரிப்பு, மேலே கனமாக வைக்கோல், இரண்டு பக்கமும் சாய்ந்துகொள்ள மெத்தை மாதிரி சாக்கு. எகிறிக் குதித்து ஏறவோ இறங்கவோ கூடாது என்று நீளமான சாய்வுப் பலகை. தலைக்கயிற்றைத் தளர்த்திக் கட்டினான். தலையைத் தாழ்த்த முடியாமல் மணிக்கணக்கில் நின்றால் குதிரையின் நுரையீரலில் சளி தங்கிக் காய்ச்சல் வரும் என்பது எனக்குப் புதுப் பாடம்.

பெருமாள்மலையில் ஒரு நிறுத்தம், டம்டம் பாறை அருகே இன்னொன்று. தண்ணீர் காட்டி, புல் கொடுத்து, கால் தடவிவிட்டுக் கிளம்பினோம். சுற்றுலாப் பயணிகள் இரண்டு மணி நேரத்தில் கடக்கும் பாதைக்கு எங்களுக்கு ஐந்து மணி நேரம் ஆனது. பின்னால் வந்தவர்கள் அடித்த ஹாரனை என் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன்.

கீழே இறங்கியதும் ராணியை நிழலில் கட்டிப் போடத்தான் முதலில் பார்த்தார்கள். "பாவம், ஓய்வெடுக்கட்டும்" என்றார் மாமனார். நான் குறுக்கிட்டேன். ஓய்வு பெற்ற முதல் வருடம் சாய்வு நாற்காலியை விட்டு எழாமல் இருந்து முழங்கால் பூட்டிக்கொண்டவன் நான். "நடங்கள், ஆனால் சுமக்காதீர்கள்" என்றார் எனக்கு வைத்தியம் பார்த்தவர். குதிரைக்கும் அதேதான். கட்டிப்போட்டால் மூட்டு இறுகும். மெத்தென்ற மண்தரையில் தானாக உலாவ விட வேண்டும். கொள்ளை அள்ளி வைத்துக் கொழுக்க வைத்தால் அந்த எடையும் முட்டிக்குத்தான் பாரம். குளம்பை ஆறு, எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும், கோணலாக வளர்ந்தால் மூட்டில் அழுத்தம் கூடும். வலி மாத்திரை டாக்டர் சொன்ன அளவுக்கு மட்டும். கூடினால் வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும். நமக்குப் போடும் வலி ஊசியை அதற்குப் போடவே கூடாது. டைக்லோஃபெனாக் போட்ட மாட்டின் சடலத்தைத் தின்று கழுகுகள் கூட்டமாக அழிந்த பிறகுதான், 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள்.

இனி என் கருத்து.

முட்டி போன பிறகு ராணிக்கு இடம் தேடினோம். அதுதான் தவறு. வலி உள்ள காலோடு மலை இறங்குவது எத்தனை கவனமாகச் செய்தாலும் ஒரு தண்டனை. சவாரிக் குதிரை வைத்திருப்பவர்கள் அது நன்றாக ஓடும் காலத்திலேயே, அதன் கடைசிக் காலம் எங்கே, யார் செலவில் என்று முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு சவாரிக் காசிலும் ஒரு பங்கை எடுத்து வைக்க வேண்டும். முப்பத்து மூன்று வருடம் பாடம் நடத்திய எனக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது. பதினைந்து வருடம் பிள்ளைகளைச் சுமந்த ராணிக்கு?

"குதிரைக்காரன் பிழைப்பே நாய்ப்பிழைப்பு, அவன் எங்கே எடுத்து வைப்பான்?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. உண்மைதான். சீசனில் சம்பாதிப்பதை மழைக்காலத்தில் குதிரைகளே தின்றுவிடும். அதனால்தான் பாதிப் பொறுப்பு நம்முடையது என்கிறேன். சுற்றுலா அழைத்துப் போனபோதெல்லாம், "ஸ்கூல் பிள்ளைங்கப்பா, பாதி ரேட்டுக்கு விடு" என்று பேரம் பேசியவன் இந்த வாத்தியார்தான். உங்களில் பலர் பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். நானும் எண்பது கிலோவோடு ஏறிப் போட்டோ எடுத்துக்கொண்டேன். குதிரையின் காலை ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லை. கடைசியாகப் போன வருடங்களில் அந்த வரிசையில் ராணியும் நின்றிருக்கக் கூடும்.

ஆகவே, பிள்ளைகளோடு மலைக்குப் போகும்போது மூன்று காரியம் செய்யுங்கள். ஏறுமுன் குதிரையை நாலு அடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். தலை ஏறி இறங்கினால், கால் நொண்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சேணத்தோடு சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பாரம் ஏற்றக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 300 கிலோ குதிரை என்றால் 60 கிலோ. அதற்கு மேல் இருப்பவர்கள் பக்கத்தில் நடந்து வாருங்கள், நம் முட்டிக்கும் நல்லது. மூன்றாவது, பேரம் பேசாதீர்கள்.

ராணி இப்போது தென்னைகளுக்கு நடுவே உலாவுகிறாள். வெயில் ஒத்துக்கொள்கிறது போலிருக்கிறது. முட்டி குணமாகாது, தேய்ந்தது தேய்ந்ததுதான். மருந்துக்கும் அடங்காத வலி வரும் நாளில் டாக்டரைக் கூப்பிட்டு அவளை அமைதியாக அனுப்பிவைக்க வேண்டும் என்றும் அவனிடம் சொல்லியிருக்கிறேன். போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சரி சார். நீங்களும் வரணும்" என்றான்.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்