'சூப்பர் டிப்ஸ் அண்ணே!'

காலை நிகழ்ச்சியில் ஒரு நாள் 'பாட்டி வைத்தியம்' என்ற தலைப்பில் நேயர்களை அழைக்கச் சொல்லியிருந்தேன். ஓர் அண்ணன் லைனில் வந்தார். "தங்கச்சி, நாய்க்கு உண்ணி வந்தா மண்ணெண்ணெயைத் துணியில நனைச்சுத் தேய்ச்சு விடுங்க. எல்லாம் கொட்டிடும்" என்றார். "சூப்பர் டிப்ஸ் அண்ணே!" என்று சிரித்துவிட்டு அடுத்த பாட்டைப் போட்டேன். அந்த மூன்று சொற்களுக்காகத்தான் இந்த வாரப் பத்தி.

ஈப்போவில் அப்பா தனியாக இருக்கிறார். தனியாக என்று சொன்னால் கோபப்படுவார், ஜிம்மி இருக்கிறது. அம்மா போன பிறகு காலையில் அவரை நடக்க அழைத்துப் போவதே ஜிம்மிதான். திரும்பி வந்து இருவரும் ஐந்தடியில் உட்கார்ந்து என் நிகழ்ச்சியைக் கேட்பார்கள். அன்றும் கேட்டிருக்கிறார்கள். மறுநாளே அப்பா மண்ணெண்ணெயைத் தேய்த்துவிட்டார்.

சில உண்ணிகள் விழுந்தன. ஜிம்மியின் தோலும் வெந்து சிவந்தது. இரண்டு வாரம் கழித்து அப்பா போன் செய்தார். "சாப்பிட மாட்டேங்குதும்மா. மூக்குல ரத்தம் வருது." நான் பதறியபோது மெதுவாகச் சொன்னார்: "நீ ரேடியோவுல சொன்ன மாதிரிதாம்மா செஞ்சேன்." குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

அன்றே கோலாலம்பூரிலிருந்து கிளம்பிப் போனேன். கிளினிக்கில் டாக்டர் ஜிம்மியின் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு வெளுத்திருந்தது. வயிற்றில் சிவப்புப் புள்ளிகள். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் மிகக் குறைவு. டிங்கி வந்தால் குறையுமே, அதே பிளேட்லெட்தான். நோயின் பெயர் எர்லிக்கியோசிஸ். நம் வீடுகளில் நாய்களைக் கடிக்கும் பழுப்பு நிற உண்ணி, ரத்தம் குடிக்கும்போதே ஒரு பாக்டீரியாவை உள்ளே விட்டுவிடுகிறது. அது வெள்ளணுக்களுக்குள் புகுந்து பெருகும். கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் தொடங்கும். நாம் உண்ணியை மறந்தே போயிருப்போம்.

இது நமக்குப் புது நோயும் அல்ல. 1960-களில் சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் மோப்ப நாய்கள் இப்படித்தான் ரத்தம் கசிந்து இறந்தன. பிறகு வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவம் நூற்றுக்கணக்கான நாய்களை இழந்தது. பயிற்சி பெற்ற ராணுவ நாய்களையே சாய்த்த பூச்சியைத்தான் நாம் 'உண்ணிதானே' என்கிறோம்.

டாக்டர் டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தார். 28 நாள். ஒன்பதாம் நாள் ஜிம்மி வாலை ஆட்டிக்கொண்டு கோழி கேட்டது. "நல்லாயிடுச்சே, போதாதா?" என்றார் அப்பா. போதாது. இந்த நோயில் நாய் தேறிவிட்டது போலத் தெரியும். கிருமி மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் உள்ளே ஒளிந்திருக்கும். மீண்டும் கிளம்பினால் எலும்பு மஜ்ஜையையே பாதிக்கும். அப்போது காப்பாற்றுவது கடினம். அப்பா நாட்காட்டியில் தினமும் ஒரு கோடு போட்டார். 28 கோடு.

சரி, மண்ணெண்ணெய் ஏன் கூடாது? தோலைப் புண்ணாக்கும், நாய் நக்கினால் விஷம். எரிச்சலூட்டப்பட்ட உண்ணி, வயிற்றில் உள்ளதைக் கடித்த இடத்திலேயே கக்கவும் கூடும். நெருப்புக்குச்சியும் வேண்டாம். மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். விரலால் நசுக்காமல், ஸ்பிரிட்டில் போட்டு மூடுங்கள்.

நாயின் மேல் இருப்பது பாதிக் கதைதான். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் கதவு இடுக்கிலும் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் திரும்ப நாயைத் தேடி வரும். நமக்குக் குளிர்காலம் கிடையாது. அதற்கு ஆண்டு முழுதும் சீசன். அப்பா வீட்டு ஐந்தடியில் கூண்டுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் விரிசலை டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவரே நகர்வது போல இருந்தது. சுத்தம் செய்து, மருந்தடித்து, விரிசலைப் பூசினோம். ஜிம்மிக்கு உண்ணித் தடுப்பு மாத்திரையைத் தவறாமல் கொடுக்கிறோம். எடைக்கேற்ற அளவை டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில் பூனை இருந்தால் நாய்க்கான மருந்தை அதற்குப் போட்டுவிடாதீர்கள். சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

அடுத்த வாரம் நிகழ்ச்சியில் நடந்ததைச் சொன்னேன். பாட்டு போடவில்லை. இரண்டு நிமிடம் பேசினேன். அழைத்த அந்த அண்ணன் இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும்: நீங்கள் தெரிந்ததைச் சொன்னீர்கள் அண்ணே. மைக் என் கையில் இருந்தது. கேட்டுச் சரிபார்க்க வேண்டியது நான்தான்.

ஜிம்மி இப்போது அப்பாவை மறுபடியும் நடக்க அழைத்துப் போகிறது. திரும்பி வந்ததும், ரேடியோவைப் போடுவதற்கு முன்பு, அப்பா அதன் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தடவிப் பார்க்கிறார். இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை. இன்று மாலை நீங்களும் பார்த்துவிடுங்கள்.