தங்கச்சி கையெழுத்து எங்கே? - ஒரு புரோக்கரின் மருமகன் எழுதுவது

எங்கள் செட்டில் முதல் ஆளாக ஒருத்தனுக்கு வேலை கிடைத்துவிட்டது. கேம்பஸ் இண்டர்வியூவில் இல்லை. ஜிஎஸ்டி ரோட்டில் மனை பிரித்து விற்கும் ஒரு கம்பெனியில். பெயர் வேண்டாம். விசிட்டிங் கார்டில் 'சீனியர் பிராப்பர்ட்டி கன்சல்டன்ட்' என்று போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சேர்ந்து நாலு நாள்தான் ஆகிறது, அதற்குள் சீனியர்! பரோட்டா வாங்கிக் கொடுத்தான், அதனால் நாங்கள் யாரும் கிண்டல் பண்ணவில்லை.

சாப்பிட்டுக்கொண்டே ஒரு பேப்பரை எடுத்துக் காட்டினான். டிரெய்னிங்கில் முதல் நாள் கொடுத்த வேலையாம். தெரிந்தவர்கள் 50 பேரின் பெயர், போன் நம்பர், என்ன உத்தியோகம், எவ்வளவு வசதி என்று எழுதித் தர வேண்டும். அவன் சித்தப்பா, பக்கத்து வீட்டு டீச்சர், எங்கள் பஸ் ஸ்டாப் மருந்துக்கடைக்காரர் எல்லாரும் இருந்தார்கள். ஏழாவது பெயர் என் அப்பா. எதிரே பென்சிலில் 'மே மாதம் ரிட்டயர், பணம் வரும்' என்று எழுதியிருந்தான்.

எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அவன் கெட்டவன் இல்லை. அவன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டுக்கு உடனே பணம் வேண்டும். "இதுல நிலைச்சு நின்னா வாழ்க்கையே செட்டில்டா"ன்னு திரும்பத் திரும்பச் சொன்னான். அந்த 'நிலைச்சு நின்னா' பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். என் தாய்மாமா 26 வருடமாக ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் நில புரோக்கர். ஸ்கூல் லீவில் எல்லாம் அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து மனை மனையாகச் சுற்றியவன் நான். ஒன்பதாவது படிக்கும்போதே ஒரு சென்ட் என்றால் 435.6 சதுர அடி, ஒரு கிரவுண்டு என்றால் 2400 என்று எனக்குத் தெரியும். (கணக்கில் மார்க் வந்ததா என்று கேட்காதீர்கள்.)

முதலில் அந்த 50 பேர் லிஸ்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னைக் கேட்டால் அது தொழில் கற்றுக்கொடுப்பது இல்லை. பையனிடம் இருக்கும் நம்பிக்கையைக் கறந்துகொள்வது. 50 பேரில் நாலு பேர் வாங்குவார்கள். மீதி 46 பேர் இவன் போன் வந்தால் எடுக்கமாட்டார்கள். வாங்கிய நாலு பேரிலும் இரண்டு பேர் பின்னாளில் ஏதாவது சிக்கல் என்று இவன் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள், கம்பெனி வாசலில் அல்ல. ஆறு மாதத்தில் லிஸ்ட் தீரும், டார்கெட் எட்டாது, பையன் வெளியே. அடுத்த பையன் புதிய 50 பேரோடு உள்ளே வருவான். கம்பெனி நிலைத்து நிற்கும். நிற்காதது யார் என்று புரிகிறதா?

மாமா தொழிலுக்கு வந்தபோது அவரிடம் லிஸ்ட் எதுவும் இல்லை. ஒரு பழைய டிவிஎஸ் 50 இருந்தது. முதல் பதினோரு மாதம் ஒரு கிரையம்கூட முடியவில்லை. அத்தை டெய்லரிங் தைத்துத்தான் குடும்பம் ஓடியது. அப்போது அவர் வாடகை வீடு பிடித்துக் கொடுக்கும் வேலையில் இறங்கினார். ஒரு மாத வாடகைதான் கமிஷன், அதிலும் பாதிப் பேர் குறைத்துக் கொடுப்பார்கள். இப்போதும் அதை அவர் விடவில்லை. "வாடகை வீடு அடுப்பு எரியறதுக்கு, கிரையம் கல்யாணச் செலவுக்கு" என்பார்.

எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்த விஷயம், வாடகைக்கு வரும் பேச்சிலர் பையன்களிடம் அவர் ஏன் அவ்வளவு பொறுமையாகப் பேசுகிறார் என்பது. தண்ணீர் மோட்டார் ரிப்பேர் என்றால்கூட இவரைத்தான் கூப்பிடுவார்கள், போவார். அதில் ஒருவர் 2008-ல் மறைமலை நகரில் வேலைக்குச் சேர்ந்து வாடகைக்கு வந்தவர், 2014-ல் வீடு வாங்கினார், மாமா மூலமாகத்தான். அவர் மூலமாக அவர் தம்பி, தம்பியின் மேனேஜர். ஆறு வருடம் கழித்து முளைக்கும் விதை என்றால் டிரெய்னிங் கொடுப்பவர்களுக்குச் சிரிப்பு வரும்.

சரி, தங்கச்சி விஷயத்துக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பூர்வீக இடம் விலைக்கு வந்தது. 42 லட்சம். அண்ணன் தம்பி மூன்று பேர் விற்கிறார்கள், வாங்குபவர் ஒரு தனியார் கம்பெனி ஊழியர். ஈசி எடுத்தாயிற்று, வில்லங்கம் இல்லை. பட்டா மூன்று பேர் பெயரிலும் இருக்கிறது. எல்லாம் சரி. அட்வான்ஸ் கொடுக்கும் நாள் காபி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெரியவர் பேச்சுவாக்கில், "தங்கச்சி பையனுக்கு வேலூர்ல சீட் கிடைச்சிருக்கு" என்று சொல்லிவிட்டார். மாமா கப்பைக் கீழே வைத்தார்.

"உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்களாண்ணே?"

"இருக்கா. அவளுக்கு அப்பவே நகை நட்டு போட்டுக் கல்யாணம் பண்ணிக் கொடுத்தாச்சே."

தமிழ்நாட்டில் அப்போது திருமணமாகாமல் இருந்த மகள்களுக்கு 1989-லேயே கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை கொடுத்துவிட்டார்கள். 2005-ல் வந்த மத்திய சட்டத் திருத்தம் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற வித்தியாசத்தையும் எடுத்துவிட்டது. அப்பா 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நகை போட்டது எல்லாம் கணக்கில் வராது. ஈசியில் இது எதுவும் தெரியாது. பதிவு அலுவலகத்தில் பதிவானதுதான் ஈசியில் வரும். வீட்டில் பிறந்த பெண் வில்லங்கச் சான்றில் ஏன் வரப்போகிறாள்?

மாமா, "தங்கச்சி வந்து கையெழுத்துப் போடட்டும், இல்லன்னா விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கட்டும், அப்புறம் அட்வான்ஸ்" என்றார். அண்ணன்மார்கள் எழுந்து போய்விட்டார்கள். வாங்க வந்தவருக்கும் மாமா மேல்தான் எரிச்சல். நல்ல விலைக்கு வந்ததைக் கெடுத்துவிட்டாராம். பத்து நாளில் வேறு ஒரு புரோக்கர் மூலம் அதே இடத்தை அவரே வாங்கிவிட்டார். பேசியது 2 சதவீதம், 84,000 ரூபாய். போயிற்று. அந்த வருடம் எனக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட மாமா கொடுப்பதாகச் சொன்ன பணம் அதுதான் என்பதால் எனக்கு இந்தக் கணக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இந்த இடத்தில் "பிறகு அந்தத் தங்கச்சி கேஸ் போட்டாள், மாமா சொன்னது பலித்தது" என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. இன்றுவரை கேஸ் இல்லை. வராமலே போகலாம். அவர் அங்கே வீடு கட்டி நன்றாக இருக்கிறார். ஆனால் அவர் தன் ஆபீஸில் இந்தக் கதையைப் புலம்பலாகச் சொல்லியிருக்கிறார், 'கையில் வந்த இடத்தைத் தங்கச்சி, தம்பி என்று கேட்டுக் கெடுத்த ஆள்' என்று. கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் மாமாவின் நம்பரைத் தேடிப் பிடித்து வந்தார். "அப்படிக் கேக்கற ஆள்தான் சார் எனக்கு வேணும்" என்றார்.

புரோக்கர் என்றால் பொய் சொல்பவன் என்று நம்மூரில் ஒரு நினைப்பு இருக்கிறது. என் அம்மாவுக்கே உண்டு, சொந்த அண்ணனை வைத்துக்கொண்டே! நான் சொல்வேன், குறை ஆளிடம் மட்டும் இல்லை, கூலி வரும் விதத்திலும் இருக்கிறது. பத்திரம் பதிவானால்தான் பணம். "வேண்டாம் சார், இந்த இடம் சரியில்லை" என்று சொல்லிக் காப்பாற்றினால் ஒரு பைசா கிடையாது, பெட்ரோல் செலவுகூட நம்முடையது. இப்படி ஒரு ஏற்பாட்டில் உண்மை பேசுவதற்குத் தினமும் கைக்காசு போடவேண்டியிருக்கிறது. இதில் நிலைப்பவர்கள் அந்தக் கைக்காசைத் தொழிலின் முதல் என்று நினைப்பவர்கள். நஷ்டம் என்று நினைப்பவர்கள் இரண்டாம் வருடத்தில் பொய்யில் விழுகிறார்கள், ஐந்தாம் வருடத்தில் ஊர் மாறுகிறார்கள்.

2016-ஐப் பார்த்தாலே தெரியும். அந்த செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதுவரை 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்றுக்கொண்டிருந்த இடம் எல்லாம் அப்படியே நின்றது. இரண்டு மாதத்தில் நவம்பர் 8, பணமதிப்பிழப்பு. மாமாவோடு டீக்கடையில் நிற்கும் புரோக்கர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அடுத்த வருடம் நான் எண்ணிப் பார்த்தபோது மூன்று பேர். ஒருவர் ஆட்டோ ஓட்டினார், ஒருவர் ஊருக்கே போய்விட்டார். மாமா தப்பித்ததற்குக் காரணம் அவர் பெரிய ஞானி என்பதல்ல. 2017-ல் மனை வரன்முறைத் திட்டம் வந்தபோது, யார் யார் மனைக்கு என்ன பேப்பர் வேண்டும் என்று அலைந்து விசாரித்து, முன்பு தன்னிடம் வாங்கியவர்களுக்கு எல்லாம் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார். கமிஷன் கிடையாது, டீதான். ஆனால் அந்த இரண்டு வருடமும் அவர் போன் நிற்காமல் அடித்தது.

இப்போது 99ஏக்கர்ஸ், நோபுரோக்கர் எல்லாம் இருக்கும்போது இந்தத் தொழிலே இருக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இடத்தைக் கண்டுபிடித்துக் காட்டும் வேலை போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஈசி வீட்டிலிருந்தே எடுக்கலாம், பட்டாவும் அ-பதிவேடும் செல்போனிலேயே பார்க்கலாம். ஆனால் பார்ப்பது வேறு, படிப்பது வேறு. 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் நில ஆவணப் பணியில் பெயர் மாறி ஏறிய பட்டாக்கள் இன்னும் எத்தனையோ கிராமத்தில் கிடக்கின்றன. பட்டாவில் ஒரு பெயர், தாய்ப்பத்திரத்தில் ஒரு பெயர். எது எப்போது பிசகியது என்று பத்திரத்தைப் பின்னோக்கிப் படித்துக்கொண்டு போக ஆள் வேண்டும்.

பேப்பரிலேயே இல்லாததும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்ன ஆனது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒரு குறிப்பிட்ட தெருவில் தண்ணீர் முழங்கால் வரை நின்றதா, இடுப்பு வரை நின்றதா என்பது அங்கே அன்றைக்கு நின்றவனுக்குத்தான் தெரியும். மாமா மனை காட்டும்போது அதையும் காட்டுவார். "சார், இந்த காம்பவுண்டு சுவர்ல இந்த உயரம்." கோடையில் மனை காட்டிவிட்டு இதை மறைப்பது ரொம்ப சுலபம். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததிலிருந்து இந்தப் பக்கம் எல்லா விளம்பரத்திலும் 'கிளாம்பாக்கத்திலிருந்து 10 நிமிடம்' என்று போடுகிறார்கள். எந்த வாகனத்தில் என்றுதான் போடுவதில்லை.

சட்டமும் ஒன்று வந்திருக்கிறது, நண்பனுக்காகச் சொல்கிறேன். 2016-ன் ரெரா சட்டப்படி, பதிவு செய்ய வேண்டிய புதிய லேஅவுட்டில் மனை விற்றுக் கொடுக்கும் ஏஜெண்டும் ரெராவில் பதிவு செய்திருக்க வேண்டும். (தமிழ்நாட்டுக்கும் அந்தமானுக்கும் சேர்த்து ஒரே ஆணையம், தெரியுமா?) பதிவாகாத திட்டத்தில் மனை விற்கக் கூடாது, கணக்கு வைத்திருக்க வேண்டும், வாங்குபவருக்கு உரிய பேப்பர்களைக் கொடுக்க வேண்டும். மீறினால் நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம், மனை விலையில் 5 சதவீதம் வரை போகலாம். பழைய வீட்டை ஒருவர் இன்னொருவருக்கு விற்பது இதில் வராது, அங்கே இன்னமும் புரோக்கரின் மனசாட்சிதான் ரெரா. "நீ பதிவு பண்ணியிருக்கியாடா?" என்று கேட்டேன். "கம்பெனிக்கு இருக்கும்டா" என்றான். இருக்கும்! அந்த லேஅவுட் நம்பரைக் கேட்டால் அதுவும் தெரியவில்லை. என் அப்பாவின் ரிட்டயர்மெண்ட் பணத்துக்கு மட்டும் லிஸ்டில் நம்பர் ஏழு.

மாமாவிடமும் குறை இல்லாமல் இல்லை. கணக்கு எழுதமாட்டார். பாதிப் பேரிடம் கமிஷன் கேட்கவே கூச்சப்பட்டு 1 சதவீதத்தோடு விட்டுவிடுவார். அவர் டைரி எரிந்துபோனால் அவர் தொழில் எரிந்துவிடும். படித்த பிள்ளைகள் வந்தால் இதையெல்லாம் மாற்றலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் இந்த வேலைக்கு வருவதே அவமானம் என்ற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. டாக்டர் கெடுத்தால் ஒரு உடம்பு, புரோக்கர் கெடுத்தால் ஒரு குடும்பத்தின் இருபது வருடச் சம்பளம். அவ்வளவு பெரிய பொறுப்பை நாலு நாள் டிரெய்னிங்கில் கொடுப்பதுதான் அவமானம்.

முந்தாநாள் நண்பனை மாமாவிடம் கூட்டிப் போனேன். மாமா அந்த 50 பேர் லிஸ்டை முழுக்கப் படித்தார். திட்டவில்லை. கடைசியில், "இதுல யார் வீட்டுக்குப் பத்து வருஷம் கழிச்சும் நீ போய்ச் சாப்பிட முடியுமோ அவங்களுக்கு மட்டும் டிக் அடி" என்று பேனாவைக் கொடுத்தார். அவன் ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

லிஸ்டை இன்னும் கம்பெனியில் கொடுக்கவில்லை என்கிறான். வேலையையும் விடவில்லை. திங்கட்கிழமை கடைசி நாளாம். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலை மாமா ஒரு பூர்வீக இடம் அளக்கப் போகிறார், சர்வேயர் வருகிறார், எங்கள் இரண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கிறார். கம்பெனி கொடுத்த பளபள ஷூவைப் போட்டுக்கொண்டு வரக் கூடாது, ஏரிக்கரை ஓரம், சேறாக இருக்கும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.