விசை தட்டினால் விடை, விளக்கம் எங்கே?

விரலுக்கு வேலை கொடுத்து மூளைக்கு ஓய்வளிப்பதையே கல்வி என்று கொண்டாடுகின்றனர்! 1985-இல் சப்பானின் காசியோ நிறுவனம் வரைவுக் கணிப்பானை விற்பனைக்கு விட்டது. 1995-இல் வெளிவந்த தெக்சாசு நிறுவனக் கருவியோ எழுத்துக் குறிகளால் அமைந்த கணக்கையும் தீர்த்தது. இன்று இலாப்பிளாசு உருமாற்றத்தையும் விசை தட்டிப் பெறுகின்றனர். பெறட்டும், பெற்றதன் பொருளை அறிந்தனரோ?

அவ்வுருமாற்றம் யாது? ஒரு சார்பை, தன் அளவைப்போல் 'ச' மடங்கு விரைவில் தேயும் மற்றொன்றால் பெருக்கி, சுழியம் முதல் முடிவிலி வரை தொகுப்பதே. 1-இல் தொடங்கித் தன் அளவைப்போல் இருமடங்கு விரைவில் வளரும் சார்புக்கு விடை 1/(ச − 2). 'ச'-வுக்கு 1 என இடுக, விடை −1! தொகுக்கப்பட்டவையோ யாவும் மிகையெண்கள். மிகையெண்களைக் கூட்டிக் குறையெண் வருமா? வாராது! 'ச' 2-ஐ விஞ்சினாலன்றி அத்தொகை முடிவிலியாய் விரியும். அங்கே அவ்வாய்பாடு செல்லாது. கையால் ஒருமுறை தொகுத்தவன் இவ்வெல்லையைக் கண்டே கடப்பான். விசையை மட்டும் நம்பியவன் எங்ஙனம் காண்பான்?

"பொறி உழைப்பைக் குறைக்கிறதே" என்பர் சிலர். மெய்தான். நீண்ட பின்னங்களைப் பிரிக்கவும், சார்பின் போக்கை வரைந்து காட்டவும், கைக்கணக்கைச் சரிபார்க்கவும் அது நற்றுணையே. துணை தலைமை ஏற்பதுதான் கேடு!

விடையை மட்டும் கேட்கும் ஆசிரியர்க்கும் இக்குற்றத்தில் பங்குண்டு. விடையோடு அது செல்லும் எல்லையையும், அதற்குரிய கரணியத்தையும் எழுதுக என்று அவர்கள் கேட்கட்டும். எண்ணியவன் மாணவனா, பொறியா என்பது அன்றே விளங்கும்!