கெர்னல் கட்டினால் வேகம் வருமாம்!

அக்கா மகன் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். போன வாரம் லேப்டாப்போடு வந்து நின்றான். கறுப்புத் திரை, நடுவில் கெர்னல் பேனிக். "என்னடா பண்ணே?" என்றேன். "சொந்தமா லினக்ஸ் கெர்னல் கம்பைல் பண்ணேன் மாமா. அப்பத்தான் சிஸ்டம் ஸ்பீடா ஓடும்னு சீனியர் சொன்னாரு."

ராத்திரி முழுக்க ஃபேன் அலற அலற ஓட்டியிருக்கிறான். கெர்னலில் எது வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக்கில் 'இதெல்லாம் எதுக்கு' என்று அவன் எடுத்துவிட்டவற்றில் என்விஎம்இ டிரைவரும் ஒன்று. அவனுடைய உபுண்டு இருப்பதே அந்த என்விஎம்இ டிஸ்க்கில்தான்!

டிஸ்ட்ரோ தருகிற ரெடிமேட் கெர்னலில் ஊரிலுள்ள டிரைவரையெல்லாம் அடைத்திருக்கிறார்கள், அதனால்தான் மெஷின் திணறுகிறது என்பது இந்தச் சீனியர்களின் வேதவாக்கு. டிவி டியூனர் கார்டுக்குக்கூட டிரைவர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள் என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். ஐயா, அந்த டியூனர் டிரைவர் டிஸ்க்கில் ஒரு ஃபைலாகக் கிடக்கிறது, மெமரியில் இல்லை. கார்டைச் செருகினால்தான் அந்த மாட்யூல் ஏறும். சந்தேகமிருந்தால் டெர்மினலில் எல்எஸ்மாட் என்று அடித்து, ஏறியிருக்கிற மாட்யூல்களைப் பாருங்கள். டியூனர் இருக்கிறதா? இல்லை. இல்லாத டியூனரை நீக்கி எவ்வளவு ராம் மிச்சம் பிடித்தீர்கள்? பிரவுசரில் முப்பது டேப் திறந்து வைத்துக்கொண்டு டியூனரைப் பழிக்கிறார்கள்.

எட்டு எம்பி ராமில் லினக்ஸ் ஓட்டிய 1990களில் சொந்தக் கெர்னல் கட்டுவதற்கு ஏதோ அர்த்தம் இருந்தது. அந்தக் காலத்துச் சடங்கை இன்னும் புதுசாக வருகிற பிள்ளைகள் தலையில் கட்டுகிறார்கள்.

வேகம் வராதது மட்டுமில்லை, பாதுகாப்பும் போகிறது. 2022 மார்ச்சில் லினக்ஸ் கெர்னலில் டர்ட்டி பைப் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. எழுத அனுமதியில்லாத ஃபைலிலும் சாதாரண யூசர் கைவைத்து ரூட் ஆகிவிடலாம். டிஸ்ட்ரோ கெர்னல் வைத்திருந்தவர்களுக்கு வழக்கமான அப்டேட்டிலேயே தீர்வு வந்து இறங்கியது. சொந்தக் கெர்னல் சூரர்களுக்கு யார் அனுப்புவார்கள்? திரும்ப சோர்ஸ் இறக்கி, திரும்ப ராத்திரி கண்விழிக்க வேண்டும். விழித்தவர்கள் எத்தனை பேர்? ஆனால் டியூனரை எடுத்துவிட்டோமே, அது போதாதா!

கேம்பஸ் இன்டர்வியூக்காரர்கள் இன்னும் மோசம். மேக், மேக் மாட்யூல்ஸ் இன்ஸ்டால், மேக் இன்ஸ்டால் என்று வாய்ப்பாடு ஒப்பிக்கிறவனுக்கு வேலை. கெர்னல் எழுதும் டிமெசேஜ் வரிகளைப் படித்து எந்த டிரைவர் மக்கர் செய்கிறது என்று சொல்லத் தெரிந்த பெண், வரிசை மாற்றிச் சொன்னால் வெளியே.

கற்றுக்கொள்ளத்தான் என்றால் வர்ச்சுவல் மெஷினில் செய்யட்டும், யார் தடுத்தார்கள்? குறைந்தது, பழைய கெர்னலை அழிக்காதே, பூட் ஆகும்போது கிரப் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்து எழுந்துவிடலாம் என்றாவது சொல்லிக்கொடுக்கலாம். அக்கா மகனிடம் அதை அழிக்கச் சொன்னதே அந்தச் சீனியர்தான். இடம் மிச்சமாகுமாம்!