எங்கே, எப்போது, எவ்வாறு?

குற்றச்சாட்டில் நாள் இல்லை, இடம் இல்லை, செயல் இன்னதென்ற விளக்கமும் இல்லை என்று ஒரு வழக்கறிஞர் எழுந்து சொன்னால், "குற்றவாளியைத் தப்புவிக்கும் தந்திரம்" என்று முகம் சுளிப்போர் நம்மிடையே பலர். படித்தவர்களும் இதற்கு விலக்கல்லர். இக்கருத்தை நாம் வன்மையாக மறுக்கிறோம்.

ஹிதாயாவை ஓதிய ஆலிம்களைக் கேட்டுப் பாருங்கள். விபசாரத்துக்குச் சாட்சி சொல்ல வந்த நால்வரிடமும் காழி ஐந்து கேள்விகளைத் தொடுக்க வேண்டும் என்கிறது அந்நூல். அது என்ன செயல்? எவ்வாறு நடந்தது? எங்கே? எப்போது? யாருடன்? நெடுங்காலம் வாளாவிருந்துவிட்டு வந்து சொல்லும் சாட்சியத்தைத் தள்ளுவதற்கே "எப்போது" என்ற கேள்வி. இது சாட்சியத்துக்கு உரிய விதியேயன்றிக் குற்றச்சாட்டுக்கு உரியதன்று என்பர். உண்மைதான். ஆனால் சாட்சி விடை கூறியாக வேண்டிய கேள்விக்குக் குற்றஞ்சாட்டுபவர் மட்டும் விடை கூற வேண்டாமா?

நம் நாட்டுச் சட்டமும் இதை அறியாததன்று. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1973ஆம் ஆண்டுச் சட்டமும், 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் காலம், இடம், ஆள் ஆகிய மூன்றையும் குற்றச்சாட்டில் குறிக்கச் சொல்கின்றன. திருட்டென்றால் இன்ன பொருள், இன்ன நேரம், இன்ன இடம் என்பது போதும். மோசடியென்றாலோ எவ்வகையில் ஏமாற்றினான் என்பதையும் எழுதியாக வேண்டும். பொய்ச்சாட்சியென்றால் சொன்னவற்றுள் எப்பகுதி பொய் என்று காட்ட வேண்டும்.

இவ்வளவும் ஒரு கையால் கொடுத்தது. மறுகை ஒரு பிரிவு தள்ளி நீள்கிறது: பிழையோ விடுபாடோ எதிரியைத் திசைதிருப்பி, அதனால் நீதி தவறியிருந்தாலன்றி அது பொருட்படுத்தத் தக்கதன்று. 1955இல் வில்லி ஸ்லேனி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் பாதகம் நேர்ந்ததா என்பதையே உரைகல்லாகக் கொண்டனர். இதில் நியாயமே இல்லையென்று நாம் கூறவில்லை. சட்டத்தின் எடுத்துக்காட்டொன்றில் குதா பக்ஷைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. கொல்லப்பட்டவரோ ஹைதர் பக்ஷ். (1882ஆம் ஆண்டுத் தேதியோடு இப்பெயர்கள் 1973ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படியே நின்றன!) கொலை ஒன்றே, முன்விசாரணை முழுவதும் ஹைதர் பக்ஷைப் பற்றியதே, அதை எதிரியும் கேட்டிருந்தான். அப்பெயர்ப் பிழைக்காக வழக்கைத் தள்ளுவது பேதைமை.

நாம் சுட்டுவது வேறு எடுத்துக்காட்டுகளை. மோசடி வழக்கு, ஏமாற்றிய விதம் குற்றச்சாட்டில் இல்லை. எதிரி சாட்சிகளை அழைத்துத் தன் தரப்பைச் சொல்கிறான். பிழை பெரிதன்று என்று நீதிமன்றம் கொள்ளலாம். மற்றொருவனுக்கும் வாதிக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் பல, எதைப் பற்றிய வழக்கென்று தெரியாமல் அவன் எதிர்வாதமே செய்யவில்லை, அப்பிழை பெரிது. இதன் விளைவைச் சிந்தியுங்கள். இருட்டில் கைவீசிப் போராடியவனிடம் "உனக்குத்தான் கண் தெரிந்ததே" என்று சொல்ல இது இடந்தருகிறது. ஏழை எதிரி தனக்குத் தெரிந்ததை அரைகுறையாகச் சொல்லிவைத்தாலும் அதுவே அவனுக்கு எதிராகத் திரும்பக்கூடும். மேல்முறையீட்டிலோ, "இதை முன்னரே ஏன் எழுப்பவில்லை?" என்ற கேள்வி காத்திருக்கிறது.

சதி வழக்குகளில் இது இன்னும் கொடிது. இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டுவரை, பலரும் கூடி, பல இடங்களில் என்று எழுதிவிட்டால், எந்த நாளில் தான் வேறோர் ஊரில் இருந்ததாக ஒருவன் மெய்ப்பிப்பான்? அவன் பிணையின்றிச் சிறையில் கிடந்தால், அந்த நாளுக்குரிய பயணச்சீட்டையும் கடைக்கணக்கையும் தேடித் தர யாரிருக்கிறார்?

ஆகவே பாதகம் நேர்ந்ததா என்ற ஆராய்ச்சியைத் தண்டனைக்குப் பின் வைப்பது போதாது. குற்றச்சாட்டை வனைவது போலீசாரல்லர், நீதிபதி. தீர்ப்புக்கு முன் எந்த நேரத்திலும் அதைத் திருத்தவும் அவருக்கு அதிகாரம் உண்டு. குற்றச்சாட்டைப் படித்துக்காட்டி "ஒப்புக்கொள்கிறாயா?" என்று எதிரியைக் கேட்பதற்கு முன்பே எங்கே, எப்போது, எவ்வாறு என்று அரசு வழக்கறிஞரை அவர் கேட்கட்டும். விடை இல்லையெனில் அக்குற்றச்சாட்டை அன்றே திருப்பி அனுப்பட்டும்.