'எங்கள்' என்ற ஒரு சொல்

கிறிஸ்தவர்கள் தினமும் சொல்லும் பரமண்டல ஜெபத்தின் உட்பொருளை நண்பர் ஒருவர் ஒரு மணி நேரம் எனக்கு விளக்கினார். அதில் வரும் ஆகாரம் வயிற்றுக்கு அல்லவாம், ஆத்மாவுக்காம். கடன் என்பது பாவமாம். ராஜ்யம் அவரவர் நெஞ்சுக்குள் இருக்கிறதாம். அவர் முடித்தபோது ஜெபத்தில் இந்த உலகத்துச் சமாசாரம் ஒன்றுமே மிஞ்சவில்லை. காவேரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு ஆகாரம் என்றால் சோறு அல்ல என்று சொல்ல, முதலில் வயிறு நிறைந்திருக்க வேண்டும்.

உட்பொருள் உண்டு; நான் மறுக்கவில்லை. ஆனால் அது தோண்டி எடுக்கவேண்டிய புதையல் அல்ல. இலக்கணத்திலேயே வெட்டவெளிச்சமாகக் கிடக்கிறது. மத்தேயு சுவிசேஷத்தின் 6-ஆம் அதிகாரத்தில் வரும் இந்த ஜெபத்தில் 'என்' என்ற சொல் ஓரிடத்திலும் கிடையாது. தகப்பன், ஆகாரம், மன்னிப்பு எல்லாமே 'எங்கள்' கணக்குத்தான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் பண்ணு என்று சொல்வதும் அதே அதிகாரம். கதவைச் சாத்தின பிறகும் பன்மையில்தான் பேசவேண்டியிருக்கிறது!

தமிழில் இதற்கு இன்னொரு நயம் உண்டு. கேட்பவரையும் சேர்த்தால் 'நம்', விட்டுச் சொன்னால் 'எங்கள்'. இங்கே கேட்பவர் கடவுள். ஆகவே அந்த 'எங்கள்' வெளியே நிறுத்துவது அவர் ஒருவரைத்தான். மனிதர்களில் யாரையும் அல்ல.

ஆனால் நம் ஜில்லாவில் நடந்தது என்ன? சுவார்ட்ஸ் ஐயர் 1779-ல் தஞ்சாவூரில் கோயில் கட்டினார். ஜெபம் ஒன்று, உட்காரும் இடம் மட்டும் ஜாதிக்கு ஒன்று. எல்லோரும் கலந்து உட்காரவேண்டும், திருவிருந்தைச் சேர்ந்து வாங்கவேண்டும் என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-ல் உத்தரவு போட்டார். சபையில் பெரிய கலகம். சுவார்ட்ஸ் வளர்த்த பிள்ளை, சரபோஜி மன்னர் மதித்த கவிராயர், வேதநாயக சாஸ்திரியாரே ஜாதி ஆசாரத்தின் பக்கம் நின்றார். ஜாதி உலக வழக்கம், அதற்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை என்பது அந்தக் கட்சியின் வாதம். என் நண்பரின் வாதமும் இதுதான் அல்லவா? ஆத்மாவை ஒரு பக்கம், சோற்றையும் பாயையும் மறு பக்கம் பிரித்து வைத்துவிட்டால் எந்த அக்கிரமத்தோடும் பக்தி குடித்தனம் நடத்தலாம்.

கிறிஸ்தவர்களைச் சீண்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த வித்தையில் நாம் அவர்களுக்கு இளைத்தவர்கள் அல்ல. சொல்லப்போனால் நம்மிடம் கற்றதுதான். 1968 டிசம்பர் 25. ஊர்தோறும் மாதா கோயில்களில் அன்றைய ஆகாரத்துக்காக மன்றாடிய நாள். அன்றிரவுதான் அப்போதைய தஞ்சை ஜில்லாவின் கீழ்வெண்மணியில், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட விவசாயக் கூலிகளின் சேரியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்து சாம்பலானார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். தீ வைத்தவர்கள் அந்த ஜெபத்தைச் சொல்கிறவர்கள் அல்ல, எரிந்தவர்களும் அல்ல. ஆனால் ஜெபம் கேட்ட ஆகாரத்தைத்தான் அவர்களும் கேட்டார்கள். ஆத்மாவுக்கு அல்ல, உலையில் போட.

ஆகவே, ஐயா, உட்பொருள் தேடுகிறவர்களை ஒன்று கேட்கிறேன். தாராளமாகக் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் செய்யுங்கள். 'எங்கள்' என்று வாயெடுக்கும்போது மட்டும் யார் யார் முகம் மனசில் வருகிறது என்று பாருங்கள். உங்கள் வயலில் குனிந்து நாற்று நட்டவள் அதில் உண்டா? இல்லையென்றால் நீங்கள் சொன்னது வேறு ஏதோ ஜெபம்.